ஏலம் எடுத்த தாகம்: இந்திய விமான நிலையங்களில் உணவு விலை

2018 மார்ச்சில், முன்னாள் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சென்னை விமான நிலையத்துக் கடையொன்றில் தேநீர் கேட்டார். சுடுநீரும் ஒரு தேயிலைப் பையும் தருவோம், 135 ரூபாய் என்றார்கள். அவர் வேண்டாமென்று விட்டுவிட்டார். காபி 180 ரூபாய். இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள் என்று கேட்டதற்கு, நிறையப் பேர் என்று பதில் வந்ததாக அவரே ட்விட்டரில் எழுதினார். 2024 செப்டம்பரில் கொல்கத்தா விமான நிலையத்தில் அதே சுடுநீருக்கும் பைக்கும் 340 ரூபாய் கேட்டதாக மறுபடியும் எழுதினார். அந்த ஆண்டு டிசம்பரில் விமானச் சட்ட முன்வரைவு மீதான விவாதத்தில் உறுப்பினர் ராகவ் சட்டா மாநிலங்களவையில் இதே குறையை எழுப்பினார்: தண்ணீர் பாட்டில் 100 ரூபாய், தேநீர் 200 முதல் 250 ரூபாய்.

இந்தப் புகார் பழையது. அதற்குக் கிடைக்கும் அனுதாபமும் பழையது. ஆனால் கடைக்காரர் சொன்ன பதிலை யாரும் அதிகம் கவனிக்கவில்லை. நிறையப் பேர் வாங்குகிறார்கள் என்பது உண்மை. வெளியே 15 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒன்றைப் பத்து மடங்கு விலைக்கு நிறையப் பேர் வாங்கும் நிலையை உருவாக்கியது எது? அந்த விலையை முடிவு செய்பவர் யார்? கூடுதலாக வசூலாகும் பணம் யாரிடம் போய்ச் சேர்கிறது? இவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

1. வழக்கமான மூன்று விளக்கங்கள்

பொதுவாக மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, செலவு. முனையத்துக்குள் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் பின்னணி விசாரணையும் நுழைவு அனுமதி அட்டையும் வேண்டும். பால் பாக்கெட்டிலிருந்து காகிதக் குவளை வரை எல்லாம் பாதுகாப்புச் சோதனை கடந்துதான் உள்ளே வர முடியும். சரக்கு வைக்க இடம் குறைவு. விடியற்காலை விமானங்களுக்காக இரவு முழுக்க ஆள் நிறுத்த வேண்டும். இவை மெய்யான செலவுகளே. ஆனால் இவை ஒரு தேநீரின் அடக்க விலையை இரண்டு மடங்காக்கலாம். பத்து மடங்காக்க முடியாது.

இரண்டாவது, பயணி வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பது. சென்னையில் முனையத்துக்கு வெளியே சாலையைக் கடந்தால் திரிசூலம் ரயில் நிலையம். அங்கே சாதாரண விலைக்குத் தேநீர் உண்டு. போர்டிங் பாஸில் முத்திரை விழுந்த பிறகு அந்தச் சாலை எட்டாத தூரமாகிவிடுகிறது. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிமருந்துச் சதி கண்டுபிடிக்கப்பட்ட பின் வந்த 100 மில்லி லிட்டர் விதி, வெளிநாடு செல்லும் பயணிகளின் நிலையை மேலும் இறுக்கியது. திருச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளியின் கைப்பையில் இட்லிப் பொட்டலம் சோதனையைத் தாண்டிவிடும். சாம்பார் தாண்டாது, தண்ணீர் பாட்டிலும் தாண்டாது. பாதுகாப்புக்காக அரசு போட்ட விதி, உள்ளே இருக்கும் கடைகளுக்கு வாடிக்கையாளர்களைச் சேர்த்துக் கொடுக்கும் வேலையையும் செய்கிறது.

உள்ளே கடைகளுக்கிடையே போட்டி இருந்தால் விலை இறங்காதா? பெயர்ப் பலகைகள் பத்து இருக்கலாம். அவற்றை நடத்துவது பெரும்பாலும் ஒன்றிரண்டு நிறுவனங்கள்தான். ஒரு முனையத்தின் உணவுக் கடைகள் அனைத்தையும் ஒரே தலைமை உரிமதாரரிடம் ஒப்படைக்கும் முறை பல நிலையங்களில் உள்ளது. 2025 ஜூலையில் 2,000 கோடி ரூபாய்க்குப் பங்கு விற்பனை நடத்திய டிராவல் ஃபுட் சர்வீசஸ் இத்தகைய நிறுவனம். சொந்தப் பிராண்டுகளையும் இந்திய, வெளிநாட்டுப் பிராண்டுகளையும் பல விமான நிலையங்களில் அதுவே நடத்துகிறது. ஒரே முதலாளியின் இரண்டு பலகைகள் ஒன்றோடொன்று விலைப் போர் நடத்துவதில்லை.

மூன்றாவது விளக்கம் வாடகை. கடைக்காரர்கள் அதிகம் சொல்வது இதைத்தான்: இடத்துக்கு இவ்வளவு கொடுக்கிறோம், விலையில் ஏற்றாமல் என்ன செய்வது? கேட்பவர் உடனே ஒப்புக்கொள்ளும் விளக்கம் இது. மிகவும் ஆராய வேண்டியதும் இதுவே.

2. வாடகையா விலையா, எது முந்தியது?

டேவிட் ரிக்கார்டோ 1817-இல் வெளியிட்ட தம் பொருளியல் நூலில் இதே புதிரைத் தானியத்தை வைத்து ஆராய்ந்தார். நிலத்துக்கு வாடகை கொடுப்பதால் தானியம் விலை ஏறுகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. அவர் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றினார். தானியம் நல்ல விலைக்குப் போவதால்தான் நிலத்துக்கு அவ்வளவு வாடகை கிடைக்கிறது என்றார்.

விமான நிலையக் கடைக்கு இது அப்படியே பொருந்துகிறது. பாதுகாப்புச் சோதனைக்கு அப்பால் இருக்கும் நூறு சதுர அடிக்கு ஒருவர் பெருந்தொகை கொடுக்க முன்வருவது ஏன்? அங்கே தேநீரை 200 ரூபாய்க்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டதால்தான். ஒப்பந்தப்புள்ளியில் அதிகம் கேட்டவருக்கே இடம் என்றால், மிக அதிக விலைக்கு விற்க முடியும் என்று நம்புபவரே வெல்வார். 30 ரூபாய்க்கு இட்லி விற்று நியாயமான லாபம் பார்க்க நினைப்பவர் ஏலத்தின் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடுவார். பயணி பார்க்கும் விலைப்பட்டியல், அவர் நிலையத்துக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒப்பந்தப்புள்ளி அறையில் பாதி எழுதப்பட்டுவிட்டது.

ரிக்கார்டோவின் வாதத்துக்கு இங்கே ஒரு திருத்தமும் தேவைப்படுகிறது. அவர் பேசியது நிலையான வாடகை. விமான நிலைய உரிமங்களில் பெரும்பாலும் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை ஒன்று, விற்பனையில் இத்தனை சதவீதம் என்பது இன்னொன்று என இரண்டு கூறுகள் இருக்கும். இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். விற்பனையில் சதவீதம் என்பது ஒவ்வொரு குவளைமீதும் விழும் வரியைப் போன்றது. ஆகவே அது விலையை ஏற்றத்தான் செய்யும். எவ்வளவு ஏற்றும் என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் பார்க்கலாம். பொருள், கூலி, மின்சாரம், உள்ளே கொண்டுவரும் செலவு எல்லாம் சேர்த்து ஒரு தேநீரின் அடக்கம் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பங்கு 30 சதவீதம் என்றும் கொள்வோம். நட்டமில்லாமல் விற்க வேண்டுமானால் விலை ஏறத்தாழ 57 ரூபாயாக இருக்க வேண்டும். அதில் 17 ரூபாய் நிலையத்துக்கு, 40 ரூபாய் அடக்கத்துக்கு. எனவே 40-க்கும் 57-க்கும் இடையிலான உயர்வுக்கு வருவாய்ப் பங்கைக் காரணமாகச் சொல்லலாம். 57-இலிருந்து 200 வரையிலான உயர்வுக்குப் பயணியின் கட்டுண்ட நிலை மட்டுமே காரணம்.

3. இருநூறு ரூபாயின் பயணம்

உயர்ந்த விலையால் பொதுநன்மை உண்டு என்றொரு வாதம் கொள்கை வட்டாரத்தில் உள்ளது. அதைப் புரிந்துகொள்ள ஒழுங்குமுறையின் அமைப்பைப் பார்க்க வேண்டும். 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம், பெரிய நிலையங்களில் விமானம் இறங்கவும் நிற்கவுமான கட்டணங்களையும், பயணியின் டிக்கெட்டோடு வசூலாகும் பயனர் மேம்பாட்டுக் கட்டணத்தையும் நிர்ணயிக்கிறது. அதற்கு முன் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டு, விமான நிறுவனங்கள், பயணிகள் என எல்லாத் தரப்பின் கருத்தையும் கேட்கிறது. உணவுக் கடை, சில்லறைக் கடை, விளம்பரம், வாகன நிறுத்தம் ஆகியவை விமானம் சாராத வருவாய் என்ற தலைப்பில் வருபவை. அவற்றின் விலையை ஆணையம் நிர்ணயிப்பதில்லை.

ஆனால் அந்த வருவாயை அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தொடக்கத்தில் ஆணையம், விமானம் சாராத வருவாய் முழுவதையும் கணக்கில் சேர்த்து விமானக் கட்டணத்தைக் குறைக்கும் முறையை விரும்பியது. 2016-ஆம் ஆண்டுத் தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கை கலப்பு முறையைக் கொண்டுவந்தது: அந்த வருவாயில் 30 சதவீதம் மட்டும் விமானக் கட்டணத்தைக் குறைக்கப் பயன்படும், மீதி நிலையத்தை நடத்துபவருக்கு. டெல்லி, மும்பை நிலையங்களுக்கு 2006 ஒப்பந்தங்களிலேயே 30 சதவீதப் பகிர்வு வந்துவிட்டது.

முந்தைய எடுத்துக்காட்டைத் தொடர்வோம். ஒருவர் 200 ரூபாய்க்குத் தேநீர் குடிக்கிறார். உரிமப் பங்கு 30 சதவீதம் என்றால் நிலையத்துக்கு 60 ரூபாய் போகிறது. அந்த 60 ரூபாயில் 30 சதவீதம், அதாவது 18 ரூபாய், எல்லாப் பயணிகளின் கட்டணச் சுமையையும் குறைக்கக் கணக்கில் கழிக்கப்படும். டெல்லியாக இருந்தால் அங்குள்ள தனியார் நிறுவனம் தன் வருவாயில் 45.99 சதவீதத்தை இந்திய விமான நிலைய ஆணையத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டிருப்பதால், 60 ரூபாயில் ஏறத்தாழ 27 ரூபாய் 60 காசு அரசு நிறுவனத்தைச் சேரும்.

தேநீர் விலையைக் குறைத்தால் விமானக் கட்டணம் ஏறும் என்ற எச்சரிக்கையை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். 200 ரூபாய்த் தேநீர் 100 ரூபாயானால், குடிப்பவருக்கு 100 ரூபாய் மிச்சம். பொதுவான கட்டணக் குறைப்பில் இழப்பு 9 ரூபாய். ஒன்பது ரூபாய்ப் பொதுநன்மைக்காக நூறு ரூபாய் வசூலிக்கும் எந்த வரியையும் எந்த நிதியமைச்சரும் நாடாளுமன்றத்தில் ஆதரித்துப் பேச முடியாது. ஆனால் தேநீர் விலை வரி என்ற பெயரில் வருவதில்லை. அதனால் அதற்குக் கலந்தாய்வு அறிக்கையும் இல்லை, கருத்துக் கேட்பும் இல்லை.

4. சட்டத்தின் எல்லை

பொட்டலப் பொருள்களைப் பொறுத்தவரை சட்டம் பேசியிருக்கிறது. எடையளவுச் சட்டத்தின் கீழான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு (எம்.ஆர்.பி.) மேல் விற்கக்கூடாது. 2018 ஜனவரி முதல், ஒரே மாதிரியான பொட்டலத்துக்கு இரண்டு எம்.ஆர்.பி. அச்சிடுவதற்கும் தடை வந்தது. அதற்கு முன் 2016-இல் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம், திரையரங்கில் விற்ற தண்ணீர் பாட்டில் தொடர்பான வழக்கில் இரட்டை எம்.ஆர்.பி.யை நியாயமற்ற வணிகமுறை என்று கண்டது.

இதற்கு எதிர்த்திசையில் போகிறது 2017 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. உணவகத்தில் தண்ணீர் பாட்டில் கொடுப்பது வெறும் விற்பனையாகாது, அதில் இருக்கை, சூழல், பரிமாறுதல் என்ற சேவை கலந்திருக்கிறது, ஆகவே எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்பது அதன் சாரம். விமான நிலையத்தில் இந்தக் கோடு மங்கிவிடுகிறது. மேசை போட்டுப் பரிமாறும் உணவகத்துக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தும். கண்ணாடிப் பெட்டியிலிருந்து பயணியே பாட்டிலை எடுத்து, வரிசையில் நின்று பணம் கட்டி, புறப்பாட்டு வாயில் அருகே நிலையத்தின் நாற்காலியில் உட்கார்ந்து குடிக்கும் இடத்தில் கடை அளித்த சேவை என்ன? அங்கே எம்.ஆர்.பி. விதியே பொருந்த வேண்டும் என்பது என் வாசிப்பு.

அப்படிப் பொருந்தினாலும் பயன் குறைவுதான். உயர்விலைப் பிராண்டு தண்ணீரை மட்டும் வைத்து, அதன் அச்சு விலைக்கே விற்றால் விதிமீறல் எதுவும் இல்லை. தேநீர், காபி, தோசை ஆகியவற்றுக்கு எம்.ஆர்.பி. என்பதே கிடையாது.

திரையரங்குத் தீர்ப்பு ஒன்று இங்கே ஒப்பிடத்தக்கது. வெளி உணவைத் தடுக்கத் திரையரங்குக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே மூச்சில், சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்றும் சொன்னது. திரையரங்குக்குப் போவது விருப்பம். வெளிநாடு செல்பவரின் பாட்டில் தண்ணீரைப் பறித்துவிட்டு உள்ளே அனுப்பும் விமான நிலையத்துக்கு இந்தக் கடமை இன்னும் கூடுதலாகவே பொருந்தும். குடிநீர்க் குழாய்கள் முனையங்களில் உண்டு. ஆனால் கடைகளுக்குக் கிடைக்கும் முகப்பு இடம் குழாய்களுக்குக் கிடைப்பதில்லை. கழிப்பறைக்குப் பக்கத்துச் சுவரில்தான் பெரும்பாலும் தேட வேண்டியிருக்கிறது.

5. யார் தலையில் விழுகிறது?

விமானத்தில் போகிறவர்களுக்கு 200 ரூபாய் பெரிதா என்பது அடிக்கடி கேட்கப்படும் எதிர்க்கேள்வி. விமானப் பயணம் பணக்காரர்களின் வசதியாக மட்டும் இருந்தவரை அதில் நியாயம் இருந்தது. 2003-இல் ஏர் டெக்கான் குறைந்த கட்டணச் சேவையைத் தொடங்கியபோது டிக்கெட் விலையோடு இலவசச் சாப்பாடும் போனது. மற்ற நிறுவனங்களும் அந்த வழியில் வர, விமானத்துக்குள் தீர்ந்த பசி முனையத்துக்கு இடம் மாறியது. 2016-இல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டம், ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்துக்குக் குறிப்பிட்ட இருக்கைகளில் 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. ரப்பர் செருப்பு அணிந்தவரும் விமானம் ஏற வேண்டும் என்று பிரதமர் பேசினார். அவரும் ஏறத் தொடங்கினார். கடைகளின் விலைப்பட்டியல் அவரை மனதில் வைத்து எழுதப்படவில்லை.

விலைச் சுமை பகிரப்படும் விதமும் தலைகீழானது. கடன் அட்டை வைத்திருக்கும் மேலாளர் 2 ரூபாயோ 25 ரூபாயோ அட்டையில் தேய்த்துவிட்டு ஓய்வறைக்குள் போய் வயிறாரச் சாப்பிடுகிறார். மீதியை வங்கி கட்டுகிறது. மூன்று மணி நேரம் முன்பே வந்து காத்திருக்கும் கட்டடத் தொழிலாளியிடம் அந்த அட்டை இல்லை. முழு விலையைக் கொடுப்பவர் அவர்தான், அல்லது ஒன்றும் வாங்காமல் விமானம் ஏறுபவர். நிறையப் பேர் வாங்குகிறார்கள் என்ற பதிலில் இந்த வாங்காதவர்களின் எண்ணிக்கை வருவதில்லை.

தமிழ்நாட்டுப் பயணிக்கு இந்த ஏற்பாடு புதிதும் அல்ல. நெடுந்தூர அரசுப் பேருந்து நள்ளிரவில் நிற்கும் பயணவழி உணவகம் இதே இலக்கணத்தில் இயங்குவது: எங்கே நிற்பது என்பதைப் பயணி தீர்மானிப்பதில்லை; நிறுத்தும் உரிமை ஒப்பந்தத்தில் போகிறது; ஒப்பந்தத் தொகை தோசை விலையில் தெரிகிறது. அந்த நிலையில் அரசு குறுக்கிட்ட அனுபவமும் இங்கே உண்டு. 2013-இல் பேருந்து நிலையங்களில் 10 ரூபாய்க்கு வந்த அம்மா குடிநீர், அன்றைய தனியார் பாட்டில் விலையில் பாதி அளவுக்கே விற்றது.

6. பத்து ரூபாய்த் தேநீர் எதைக் காட்டியது?

2024 டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்தில் அரசின் மலிவு விலைக் கடையான உடான் யாத்ரி கஃபே தொடங்கப்பட்டது. தேநீர் 10 ரூபாய், தண்ணீர் 10 ரூபாய், காபி 20, சமோசா 20. 2025 பிப்ரவரி 27 அன்று சென்னையிலும் வந்தது. பிறகு வேறு நிலையங்களுக்கும் பரவியது.

இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். ஆதரவாளர்களுக்கு இது அரசின் செவிசாய்ப்பு. விமர்சகர்களுக்கு இது கண்துடைப்பு; மற்றக் கடைகளின் விலை அப்படியே இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். என் பார்வையில் இந்தக் கடையின் மதிப்பு ஒரு சோதனை என்ற அளவில்தான். அதே கட்டடம், அதே அனுமதி அட்டை, அதே மின்சாரம். விலை மட்டும் இருபதில் ஒரு பங்கு. இடத்தை எந்த நிபந்தனையில் கொடுக்கிறோம் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது. இடத்தைச் சலுகையில் கொடுத்திருந்தாலும் முடிவு மாறாது. சலுகை என்பதும் ஒரு நிபந்தனையே.

குறை இருப்பது இடத்தில். சென்னையில் அந்தக் கடை உள்நாட்டு முனையத்தில், சோதனைக்கு முந்தைய பகுதியில் அமைந்தது. பயணி அங்கே நிற்கும் நேரம் சில நிமிடம். வெளியே போய்க் குடிக்கவும் வாய்ப்புண்டு. காத்திருப்பு முழுவதும் சோதனைக்கு அப்பால்தான். பூட்டிய கதவுக்கு உள்ளே தேவைப்படுவதைக் கதவுக்கு வெளியே வைத்தால், ஏலம் எடுத்தவரின் வருமானத்துக்குப் பெரிய இடையூறு இல்லை.

7. ஒப்பந்தத்தில் எழுதப்படும் விலை

மாற்று வழிகள் உலகில் சோதிக்கப்பட்டவையே. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விமான நிலையத்தில், நகரத்தில் என்ன விலையோ அதே விலைதான் உள்ளேயும் என்பது நெடுநாள் நிபந்தனை. நியூயார்க் பகுதி நிலையங்களிலும் விலை வரம்பு இருந்தது. ஆனால் கண்காணிப்பு தளர்ந்திருந்தது. 2021 ஜூலையில் லாகார்டியா நிலையத்தில் ஒரு பீர் 27.85 டாலர் என்று காட்டிய விலைப்பட்டியலைப் பயணி ஒருவர் படமெடுத்து வெளியிட்டார். விசாரணை நடந்தது, 2022 மே மாதம் அறிக்கை வந்தது, வெளி விலைக்கு மேல் 10 சதவீதம் என்ற வரம்பு கடுமையாக்கப்பட்டது. விதி எழுதுவது பாதி வேலைதான் என்பதை நியூயார்க் காட்டுகிறது.

இந்திய ரயில்வேயும் அதே பாடத்தைச் சொல்கிறது. அங்கே விலைகளை வாரியமே நிர்ணயிக்கிறது. ஒரு லிட்டர் ரயில் நீர் 2025 செப்டம்பரில் 15 ரூபாயிலிருந்து 14 ரூபாயாகக் குறைந்தது. 2023-இல் பொதுப்பெட்டிகள் நிற்கும் இடத்தருகே 20 ரூபாய்ச் சாப்பாடு வந்தது. ஆனாலும் ஓடும் ரயிலில் கூடுதல் விலை வாங்கும் புகார்கள் ஓயவில்லை. விலைக் கட்டுப்பாடு குவளையைச் சிறிதாக்கலாம், தரத்தைக் குறைக்கலாம், சரக்கு தீர்ந்துவிட்டது என்ற பதிலை வழக்கமாக்கலாம். எல்லாப் பண்டத்துக்கும் விலை விதிக்கும் திட்டம் இந்தக் குழிகளில் விழும்.

எனவே குறுகிய, சரிபார்க்கக்கூடிய ஏற்பாடே பொருத்தம். தேநீர், காபி, தண்ணீர், இட்லி, ஒரு சாதம் என்று ஐந்தாறு பண்டங்களுக்கு அளவும் விலையும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே எழுதப்பட வேண்டும். ஏலம் அதற்கு மேற்பட்ட பண்டங்களின் வருமானத்துக்கு மட்டும் நடக்கட்டும். அந்தப் பண்டங்கள் சோதனைக்கு அப்பால், ஒவ்வொரு கடையிலும், விலைப்பலகையின் முதல் வரியில் இருக்க வேண்டும். அவற்றின்மீது வருவாய்ப் பங்கு வசூலிக்கக்கூடாது. அப்போது விற்பவருக்கும் நட்டம் வராது. கட்டணம் நிர்ணயிக்கும் ஆணையம் தன் கலந்தாய்வு அறிக்கையில் உணவு உரிமங்களின் நிபந்தனைகளையும் வெளியிட வேண்டும். விமானம் தாமதமானால் காத்திருக்கும் நேரத்துக்கேற்ப உணவு தருவது விமான நிறுவனத்தின் கடமை என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி ஏற்கெனவே இருக்கிறது. காத்திருக்கும் பயணியின் பசி பொதுப் பொறுப்பு என்ற கொள்கை நம் விதிகளுக்குப் புதிதல்ல.

வாடகை அதிகம், அதனால் விலை அதிகம் என்ற விளக்கத்தை ஏற்கும்வரை பழி கடைக்காரர்மீதே விழும். அவரும் கையை விரிப்பார். இடத்தை ஏலம் விட்டவர் விமர்சனத்திலிருந்து தப்பிவிடுவார். பயணியின் கட்டுண்ட நிலையை உருவாக்குவது அரசின் பாதுகாப்பு விதி. அதற்கு விலை வைத்து விற்பது நிலையத்தை நடத்துபவரின் ஒப்பந்தம். ஆகவே விலைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் இவ்விருவரே. அடுத்த ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு வரும்போது, யார் எவ்வளவு கேட்டார்கள் என்பதோடு, பயணியிடம் எவ்வளவு வாங்கலாம் என்ற பக்கம் அதில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.